குளியலறைத் தரையில் பெரிய ஓடு பதித்தல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எல்லைப்புறக் கிராமங்கள் கேரள மாநிலத்தின் தென்கோடியில் அமைந்துள்ளன. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. எல்லைக் கோடு வரையப்பட்டதாயினும் கட்டடத் தொழிலுக்கு அது தடையாக அமையவில்லை. களியக்காவிளையிலிருந்து காலையில் புறப்படும் தொழிலாளி பாறசாலையில் பகலெல்லாம் வேலை செய்து மாலையில் வீடு திரும்புவது இயல்பாக நடைபெறுவதாகும். தமிழில் அவரைக் கொத்தனார் என்பர். மலையாளத்தில் மேசிரி என்பர். இருவர் கையிலும் உள்ள ரசமட்டமும் தூக்குக்குண்டும் ஒன்றே.

இக்கிராமங்களில் புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் குளியலறைத் தரைக்குப் பெரிய அளவுள்ள ஓடுகளைப் பதிக்கும் வழக்கம் பரவி வருகின்றது. 60 செ.மீ. நீளமும் அதே அகலமும் உள்ள ஓடுகள் பார்வைக்கு அழகியவை. இணைப்புகள் குறைவாதலின் துடைப்பதும் எளிது. ஆயினும், கூடத்தில் நன்கு பயன்படும் ஓடு, நீர் வீழும் இடத்தில் அவ்வாறே பயன்படும் என்று கொள்ளுதல் தவறு. பதிக்கும் முறை பிழைபட்டால் மூன்று தீங்குகள் நேரும்: நீர் வடியாமல் தேங்கும், தரைக்கடியில் கசியும், கால் வழுக்கும். இம்மூன்றிற்கும் காரணங்கள் யாவை, அவற்றைத் தடுக்கும் வழி யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

தரை மாறிய வரலாறு

திருவிதாங்கூரின் பழைய தலைநகராகிய பத்மநாபபுரத்து அரண்மனையில் கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையை இன்றும் காணலாம். அந்த அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில் இருப்பினும் கேரள அரசின் பாதுகாப்பில் உள்ளது. செல்வர் வீடுகளில் அத்தகைய மெருகுத் தரைகள் இருந்த காலத்தில், எளியோர் வீடுகளில் சாணமிட்டு மெழுகிய மண்தரையே இருந்தது. பின்னர் சிமெண்டு வந்தது. அதனுடன் செங்காவி கலந்து தேய்த்த தரைகள் வந்தன. மொசைக் தரைகளும் வந்தன. இப்போது குஜராத்து மாநிலத்தின் மோர்பி நகரம் போன்ற இடங்களில் செய்யப்படும் பீங்கான் ஓடுகள் நாடெங்கும் செல்கின்றன.

பழைய நாளில் குளித்தல் பெரும்பாலும் கிணற்றங்கரையிலோ, குளத்திலோ, ஆற்றிலோ நிகழ்ந்தது. வீழ்ந்த நீர் மண்ணில் ஓடிற்று. தென்னையும் வாழையும் அதனை உறிஞ்சின. இன்று குளியலறை வீட்டினுள் வந்துவிட்டது, மாடியிலும் அமைகின்றது. எனவே முன்பு மண் செய்த வேலையைத் தரையின் சரிவும், வடிகாலும், நீர்புகாப் பூச்சும் செய்யவேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டை உணர்ந்தாலன்றி மற்றவை விளங்கா.

ஓட்டின் இயல்பு

கூரையில் வேயும் மங்களூர் ஓட்டின் உடைந்த துண்டொன்றின்மீது ஒரு துளி நீரை விட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் துளி மறைந்துவிடும். சுட்ட மண்ணில் எண்ணற்ற நுண்துளைகள் உள்ளமையே இதற்குக் காரணம். அது தன் எடையில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கும் மேற்பட்ட நீரைப் பெரும்பாலும் உறிஞ்சும். விட்ரிஃபைடு ஓடு என்று கடைகளில் வழங்கும் ஓட்டின் பின்புறத்தில் அவ்வாறே ஒரு துளியை விட்டால், அது முத்துப்போல் அப்படியே நிற்கும். மிகுந்த வெப்பத்தில் சுடப்படுவதால் அதன் உட்பொருள் கண்ணாடித் தன்மை அடைந்து துளைகள் அடைபட்டுவிடுகின்றன. உலகத் தர வகைப்பாட்டின்படி, நூற்றுக்கு அரைப்பங்குக்கு மேற்படாத நீரை உறிஞ்சும் ஓடுகளே இவ்வகையின்பாற்படும்.

இச்சிறிய சோதனை ஒரு பெரிய உண்மையைக் காட்டுகின்றது. சிமெண்டுக் குழம்பு ஓட்டைப் பற்றிக்கொள்வது எவ்வாறு? குழம்பிலுள்ள நீர் ஓட்டின் துளைகளுக்குள் செல்லுகின்றது. அந்நீருடன் சென்ற சிமெண்டு அங்கு நுண்ணிய படிகங்களாக வளர்ந்து வேர்போல் ஊன்றிக்கொள்கின்றது. துளையில்லாத ஓட்டில் வேரூன்ற இடமில்லை. ஆகையால் சாந்தின்மீது சிமெண்டுப் பால் ஊற்றி ஓட்டை வைத்துத் தட்டும் பழைய முறை, செங்கல் ஓட்டிற்கும் சிமெண்டு ஓட்டிற்கும் ஏற்றதாயினும், விட்ரிஃபைடு ஓட்டிற்கு ஏற்றதன்று. சில ஆண்டுகளில் ஓடு அடியிலிருந்து விடுபட்டு, தட்டினால் வெற்றொலி எழுப்பும். இத்தகைய ஓட்டிற்குப் பாலிமர் என்னும் பிசின் பொருள் கலந்த ஒட்டுக்கலவையே வேண்டும். அப்பிசின், ஓட்டின் வழவழப்பான பின்புறத்தையும் பற்றவல்லது. சிறிதளவு நெகிழ்ந்து கொடுக்கவும் வல்லது.

நம் நாட்டில் அழுத்தி வார்த்த பீங்கான் ஓடுகளுக்கு ஐ.எஸ். 15622 என்னும் தர விதியும், ஓடு ஒட்டும் கலவைகளுக்கு ஐ.எஸ். 15477 என்னும் தர விதியும் உள்ளன. ஓட்டுப் பெட்டியின் மீதும் கலவைப் பையின் மீதும் இவ்வெண்கள் உள்ளனவா என்று பார்த்து வாங்கும்படி களப்பணியாளர்கள் மக்களுக்கு எடுத்துரைக்கலாம்.

சரிவும் அதன் கணக்கும்

நீர் தானே வடிவதற்கு 50 செ.மீ. தொலைவுக்கு 1 செ.மீ. தாழ்வு என்னும் சரிவு போதுமானது. இதனை ஐம்பதுக்கு ஒன்று என்பர். இச்சரிவை எவ்வாறு அமைப்பது என்பதில்தான் பெரிய ஓட்டின் சிக்கல் தோன்றுகின்றது.

நீளமும் அகலமும் 120 செ.மீ. உள்ள ஒரு குளியலிடத்தை எடுத்துக்கொள்வோம். நஹானி டிராப் என்று தொழிலாளர் கூறும் வடிகால் வாய் அதன் நடுவில் உள்ளது. நான்கு சுவர்களின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்க, தரை நாற்புறமிருந்தும் நடுவை நோக்கித் தாழ்கின்றது. சுவரிலிருந்து நடுவிற்கு 60 செ.மீ.; ஆகவே தாழ்வு 1.2 செ.மீ. இத்தரையின் வடிவம் கவிழ்த்த கூம்புக் கூரையை ஒத்தது. மூலைகளிலிருந்து நடுவிற்கு நான்கு மடிப்புக் கோடுகள் ஓடுகின்றன.

இவ்விடத்தில் 60 செ.மீ. சதுர ஓடுகள் நான்கை வெட்டாமல் வைப்பதாகக் கொள்வோம். ஓர் ஓட்டின் உள்மூலை வடிகாலருகே இருக்கும். அதன் உயரம் சுழி. பக்கத்து மூலைகள் இரண்டும் 1.2 செ.மீ. உயரத்தில் இருக்கும். ஓடு வளையாத தட்டையான பொருளாதலால், இம்மூன்று மூலைகளும் பொருந்தியபின் நான்காவது மூலை 2.4 செ.மீ. உயரத்தில்தான் நிற்கமுடியும். ஆனால் தரையோ அங்கு 1.2 செ.மீ. உயரமே உள்ளது. எனவே ஓட்டின் வெளிமூலை 1.2 செ.மீ. அந்தரத்தில் நிற்கும். அதன் அடியில் சாந்தை அடைத்துச் சரிசெய்தால் சுவரடி மட்டம் கெடும். அடைக்காது விட்டால், கால் பட்ட நாளில் ஓடு மூலையில் உடையும்.

இவ்வேறுபாடு ஓட்டின் அளவைப் பொறுத்தது. மடிப்புக் கோட்டின் மேல் அமையும் ஓட்டின் பக்கத்தை ஐம்பதால் வகுத்தால் அதன் மூலை எவ்வளவு தூக்கும் என்பது கிடைக்கும். 60 செ.மீ. ஓட்டிற்கு 12 மி.மீ.; 30 செ.மீ. ஓட்டிற்கு 6 மி.மீ.; 10 செ.மீ. ஓட்டிற்கு 2 மி.மீ.; 5 செ.மீ. சில்லிற்கு 1 மி.மீ. மட்டுமே. சிறிய சில்லுகள் எவ்வடிவத் தரைக்கும் இணங்குவதும், பெரிய ஓடுகள் இணங்காமையும் இக்கணக்கினால் விளங்கும். இது கொத்தனாரின் கைத்திறனைப் பற்றிய குறை அன்று. வடிவ கணிதத்தின் விதியாகும்.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஓட்டை மூலைவிட்டத்தில் வெட்டி, மடிப்புக் கோட்டிலேயே இணைப்பு அமையுமாறு பதித்தல். அஞ்சல் உறையின் பின்புறத்தை இது நினைவூட்டும். இரண்டாவது, நீர் வீழும் இடத்தில் மட்டும் சிறு சில்லுகளைப் பதித்துச் சுற்றிலும் பெரிய ஓடுகளை வைத்தல். மூன்றாவது, வடிகாலை நடுவில் வைக்காமல் ஒரு சுவரையொட்டி நீண்ட வாயாக அமைத்தல். இவ்வாறு அமைத்தால் தரை முழுவதும் ஒரே திசையில் சரியும், மடிப்பே இராது, எவ்வளவு பெரிய ஓடும் வெட்டின்றிப் பொருந்தும். 120 செ.மீ. அகலத்திற்கு அப்பொழுது 2.4 செ.மீ. தாழ்வு வேண்டும். ஆகவே வடிகால் எங்கே வரவேண்டும் என்பதைத் தளம் வார்க்கும் முன்பே முடிவு செய்தல் அவசியம். ஓடு வாங்கி வந்தபின் இதைச் சிந்திப்பதால் பயனில்லை.

நீர் புகாமல் காத்தல்

ஓடு நீரைத் தடுக்கும். ஆதலால் ஓடு பதித்த தரையும் நீரைத் தடுக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழை. ஓடுகளின் இடையிலுள்ள இணைப்புகள் வழியாகவும், சுவரும் தரையும் சேரும் கோட்டின் வழியாகவும், வடிகால் வாயைச் சுற்றியும் நீர் சிறிது சிறிதாக இறங்கும். அதனைத் தடுப்பது ஓட்டின் கீழேயுள்ள நீர்புகாப் பூச்சே.

இறங்கிய நீர் என்ன செய்யும்? சிமெண்டில் உள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு மற்றோரிடத்தில் வெளிப்பட்டு, காற்றிலுள்ள கரியமிலவாயுவுடன் சேர்ந்து வெண்மையாகப் பூக்கும். மாடித்தளத்தில் உள்ள கம்பியை அடைந்தால் துரு உண்டாகும். துரு தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த நெருக்கத்தினால் தளத்தின் அடிப்பூச்சு பிளந்து விழும். பொழியூர், பூவாறு முதலிய கடலோரப் பகுதிகளுக்கு அருகே கட்டும்போது உப்புக் கலந்த மணலைப் பயன்படுத்தினால் இக்கேடு மேலும் விரைவாகும். தரைமட்டத்துக் குளியலறையில் கசியும் நீர், துளைகள் நிறைந்த வெட்டுக்கல் மண்ணின் வழியே எளிதில் இறங்கவல்லது. வீட்டிற்கு ஒரு கிணறு உள்ள இப்பகுதியில், சவர்க்கார நீரும் அழுக்கும் குடிநீர்க் கிணற்றை நாடிச் செல்லாதிருக்கக் காப்பது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.

பூச்சினை இடும் முறை பின்வருமாறு. முதலில் சரிவுச் சாந்தினை இட்டு நன்கு நீர் ஆற்றவேண்டும். சரிவு இந்தச் சாந்தில்தான் அமையவேண்டுமேயன்றி, ஒட்டுக்கலவையின் தடிப்பை ஏற்றி இறக்கி அமைக்கலாகாது. சுவரும் தரையும் கூடும் மூலையைக் கூர்மையாக விடாது வளைவாக மெழுகவேண்டும். பின்னர் பாலிமர் கலந்த சிமெண்டுப் பூச்சை இருமுறை இடவேண்டும். முதற்பூச்சு ஒரு திசையிலும், அது காய்ந்தபின் இரண்டாம் பூச்சு அதற்குக் குறுக்காகவும் இருத்தல் நலம். பூச்சு தரையோடு நில்லாமல் சுவரில் 30 செ.மீ. அளவேனும் ஏறவேண்டும், நீர் தெளிக்கும் சுவரில் தலைக்கு மேல் வரை செல்லவேண்டும். வடிகால் வாயின் விளிம்பிலும் குழாய்கள் துளைக்கும் இடங்களிலும் வலைத்துணி வைத்துப் பூசுதல் வேண்டும். ஏனெனில் பெரும்பாலான கசிவுகள் இவ்விடங்களில்தான் தொடங்குகின்றன.

பூச்சு முற்றிலும் காய்ந்தபின், ஓடு பதிக்கும் முன்னர், வடிகாலை அடைத்து இரண்டு மூன்று செ.மீ. ஆழத்திற்கு நீர் நிறுத்தி, ஒரு நாள் முழுவதும் வைத்துச் சோதிக்கவேண்டும். நீர்மட்டத்தைச் சுவரில் கோடிட்டுக் குறிக்கவேண்டும். மறுநாள் மட்டம் தாழ்ந்திருந்தால், அது கசிவா, ஆவியானதா என்னும் ஐயம் எழும். அருகே ஒரு வாயகன்ற பாத்திரத்தில் நீர் வைத்து அதன் மட்டத்தையும் குறித்துக்கொண்டால் ஐயம் தீரும். இரண்டும் ஒரே அளவு தாழ்ந்தால் ஆவியாதலே காரணம். தரை நீர் மட்டும் மிகுதியாகத் தாழ்ந்தால் கசிவு உண்டு. ஓடு பதித்தபின் கண்ட கசிவைத் திருத்தத் தரை முழுவதையும் உடைக்க நேரிடும். ஆதலால் ஒரு நாள் காத்திருத்தல் வீண் அன்று.

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் ஆகிய இரண்டும் இப்பகுதிக்கு உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் காற்றில் ஈரம் மிகுதி. அக்காலத்தில் பூச்சு காய்வதற்குப் பையில் குறித்த நேரத்தைவிடக் கூடுதலான நேரம் பிடிக்கும். கையால் தொட்டுக் காய்ந்தது என முடிவு செய்யாது, கூடுதலாக ஒரு நாள் விட்டுச் செய்தல் நன்று.

பதிக்கும் முறை

பக்கம் ஒன்று 38 செ.மீ.க்கு மேற்பட்டால் அது பெரிய ஓடு எனத் தொழில் விதிகளில் கருதப்படுகின்றது. இதற்கு அடித்தரை மிகச் சீராக இருத்தல் வேண்டும். 3 மீட்டர் மட்டக்கோலை வைத்துப் பார்த்தால் 3 மி.மீ.க்கு மேற்பட்ட மேடுபள்ளம் காணப்படலாகாது. குளியலிடம் சிறிதாதலின், அதற்கேற்ற குறுகிய கோலைச் சரிவின் திசையிலும் குறுக்காகவும் வைத்துப் பார்க்கவேண்டும்.

ஒட்டுக்கலவையைப் பற்கள் வெட்டிய கரணையால் நேர்க்கோடுகளாக ஒரே திசையில் இழுக்கவேண்டும். வட்டமாக இழுத்தால் இடையில் காற்று சிறைப்படும்; நேர்க்கோடாக இழுத்தால் ஓட்டை அழுத்தும்போது காற்று வெளியேற வழியுண்டு. ஓட்டின் பின்புறத்தைத் தூசி போகத் துடைத்து, அதிலும் மெல்லிய பூச்சு ஒன்று இடவேண்டும். பின்பு ஓட்டை வைத்து, கலவைக் கோடுகளுக்குக் குறுக்காகச் சிறிது அசைத்து அழுத்தவேண்டும். ஓட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஐந்து உருண்டை சாந்து வைத்து அதன்மேல் ஓட்டை அமர்த்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வேலை விரைவாக முடியுமெனினும், உருண்டைகளின் இடையே நீர் தேங்கும் வெற்றிடங்கள் அமைவதால் குளியலறையில் இம்முறை அறவே விலக்கத்தக்கது. ஈரமான இடங்களில் ஓட்டின் பின்புறத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கேனும் கலவை பற்றியிருத்தல் வேண்டும். முதலில் பதித்த ஓட்டை உடனே எடுத்துப் பின்புறத்தைப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். அங்ஙனம் பார்ப்பது கொத்தனாரை ஐயுறுவதாகாது. தேர்ந்த தொழிலாளி தாமே அவ்வாறு செய்து பார்ப்பார்.

ஓடுகளை இணைப்பின்றி நெருக்கி வைத்தல் கூடாது. குறைந்தது 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். சுவரோரத்தில் இன்னும் அகன்ற இடைவெளி விட்டு, அதில் சிமெண்டு அடைக்காமல், நெகிழும் பசையை அடைக்கவேண்டும். வெப்பத்தால் தளமும் ஓடும் ஒரே அளவில் விரிவதில்லை; புதிய சாந்து காயும்போது சுருங்கவும் செய்யும். இவ்வசைவுக்கு இடமில்லாவிடில் ஓடுகள் ஒன்றையொன்று தள்ளிக் கூரைபோல் எழும்பிவிடும்.

வழுக்காமை

முதியோர்க்குக் குளியலறையில் நேரும் வீழ்ச்சி சாதாரணமானதன்று. வயது முதிர்ந்தோரின் எலும்பு மெலிந்திருத்தலால், ஒருமுறை வீழ்ந்தாலும் தொடை எலும்பின் மேற்பகுதி முறிந்து, எழுந்து நடமாட இயலாமற் போகலாம். ஆதலால் தரையின் அழகைவிடக் காலின் பிடிப்பே முதலில் கருதத்தக்கது.

ஈரத்தரையில் சவர்க்கார நீர் காலுக்கும் ஓட்டிற்கும் இடையே ஒரு மெல்லிய படலமாக நிற்கின்றது. இணைப்புக் கோடுகள் இப்படலத்தைக் கிழித்துக் காலுக்குப் பிடிப்பு தருகின்றன. முன்கூறிய 120 செ.மீ. சதுரத்தில், 10 செ.மீ. ஓடுகள் பதித்தால் இணைப்புக் கோடுகளின் மொத்த நீளம் 26.4 மீட்டர், 30 செ.மீ. ஓடுகள் பதித்தால் 7.2 மீட்டர், 60 செ.மீ. ஓடுகள் பதித்தால் 2.4 மீட்டர் மட்டுமே. பெரிய ஓட்டில் இணைப்பு தரும் பிடிப்பு இல்லாமையால், ஓட்டின் மேற்பரப்பே சொரசொரப்பாக இருத்தல் வேண்டும். கூடத்திற்கு வாங்கியதில் மிஞ்சிய மெருகேற்றிய ஓட்டைக் குளியலறைக்குப் பயன்படுத்துவது சிக்கனமாகத் தோன்றினும் ஆபத்தானது.

ஜெர்மனி நாட்டில் தோன்றிய சோதனை ஒன்றில், சவர்க்கார நீர் ஓடும் சரிவுமேடையில் ஒருவர் வெறுங்காலுடன் நடக்க, மேடையின் சாய்வு மெல்ல உயர்த்தப்படுகின்றது. வழுக்காமல் நிற்கும் சாய்வைக்கொண்டு ஓடுகள் ஏ, பி, சி என மூன்று வகுப்பாகப் பிரிக்கப்படுகின்றன. குளியலிடத்திற்குப் பி வகுப்பேனும் வேண்டும். அது 18 பாகைச் சாய்விலும் பிடிப்புத் தருவது. கடையில் இக்குறிப்பு கிடைக்காவிடில், ஓட்டை நனைத்துச் சவர்க்காரம் தடவி உள்ளங்கையால் அழுத்தித் தள்ளிப் பார்ப்பதும் ஓரளவு உதவும். சுவரில் கைப்பிடிக் கம்பி ஒன்றை உறுதியாகப் பொருத்துவதற்கும் திட்டமிடவேண்டும். நீர்புகாப் பூச்சைப் பின்னர் துளைக்க நேராதபடி அதன் இடத்தை முன்னரே குறிப்பது நலம்.

பள்ளியில் செய்து காட்டத்தக்கவை

ஒன்று: அகன்ற தட்டில் ஈரமணலைப் பரப்பி, நடுவில் தாழ்ந்த நாற்சரிவுப் பள்ளம் ஒன்றை மாணவர்களைக்கொண்டு அமைக்கச் செய்க. சதுரமாக வெட்டிய அட்டையொன்றை அதன் காற்பகுதியில் வைத்தால் மூலை தூக்கி நிற்கும். அட்டையை மூலைவிட்டத்தில் மடித்தால் உடனே பொருந்தும். பின்னர் அட்டையைச் சிறு துண்டுகளாக்கி வைத்து ஒப்பிடுக.

இரண்டு: கூரை ஓட்டுத் துண்டையும் விட்ரிஃபைடு ஓட்டுத் துண்டையும் உலர்ந்த நிலையில் எடையிட்டு, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துடைத்து மீண்டும் எடையிடுக. உறிஞ்சிய நீரின் நூற்று வீதத்தைக் கணக்கிடுக.

மூன்று: 90 செ.மீ. அகலமுள்ள குளியலிடத்தில் ஒரு சுவரையொட்டி நீண்ட வடிகால் அமைத்தால், ஐம்பதுக்கு ஒன்று என்னும் சரிவிற்கு எவ்வளவு தாழ்வு வேண்டும்? விடை: 1.8 செ.மீ.

களப்பணியாளர்கள் வீடு கட்டுவோரைக் காணும்போது நான்கு வினாக்களைக் கேட்டால் போதும். வடிகால் எங்கே? நீர் நிறுத்திச் சோதித்தீர்களா? கலவை ஓட்டின் பின்புறம் முழுவதும் பற்றியதா? நனைந்த ஓட்டில் கால் நிற்குமா? இந்நான்கிற்கும் தக்க விடை கிடைத்தபின் பெரிய ஓடாயினும் சிறிய ஓடாயினும் தரை நெடுநாள் நிலைக்கும். ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சேமித்த பொருளைக்கொண்டு கட்டும் வீட்டில், அந்தச் சேமிப்பையும், கிணற்று நீரையும், முதியோரின் நலத்தையும் காப்பது ஓட்டின் மேலே தோன்றும் அழகன்று. அதன் கீழே மறைந்துகிடக்கும் வேலையே என்பதை மக்கள் உணரச் செய்தல் நம் கடமையாகும்.